அழுகண்ணிகளுக்கு நடுவே என் மகள்

2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. இடம், பாரிஸிலிருந்து ரயிலில் மேற்கே போனால் வரும் நோர்மண்டிப் பக்கத்தில் ஓர் ஈரப் புல்வெளி. பூச்சிகளைத் தின்னும் செடிகள் முளைக்கின்ற சதுப்பு நிலம் என்பதால் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்து வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க விடமாட்டார்கள். அந்தக் கோடையில் அங்கே வழிகாட்டியாக இருந்தவள் என் மகள்.

நான் பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் காசு வாங்கும் மேசையில் நிற்பவள். என் கணவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் வரும். விளங்காமல் இல்லை, வாய் திரும்பாது, அவ்வளவுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துப்போய் அழைத்துவந்த காலத்தில் வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டாள். கதைப்பது மட்டும் வரவில்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் தாவரங்களைப் பற்றிப் படித்தாள். அதிலும் ஈர நிலத்துத் தாவரங்கள். இதை லா சப்பலில் ஒருவருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முருங்கைக்காய் வாங்க வருகிற ஒரு அக்கா ஒருநாள் கேட்டா.

"மகள் என்ன செய்யிறா? டொக்டருக்கோ?"

"இல்லையக்கா. செடியளைப் பற்றிப் படிக்கிறா. பூச்சி தின்னுற செடி."

அந்த அக்கா முருங்கைக்காயைப் பைக்குள் வைத்தா. பிறகு, "சரி, பிள்ளையளுக்கு எது விருப்பமோ அது," என்று ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனா. வீட்டில் ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்று நினைத்திருப்பா.

உண்மையில் எனக்கும் அந்த வேலை என்னவென்று சரியாக விளங்கியிருக்கவில்லை. மகள் அந்த இடத்தில் ஒரு கோடைக்கு மட்டும் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். நிரந்தரமான ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு அவளை எடுப்பதா இல்லையா என்பதை அங்கே பொறுப்பாக இருந்த அம்மையார் தீர்மானிக்க வேண்டும். குறிப்பிட்ட அந்த ஞாயிறு, மகள் பொதுமக்களை அழைத்துக்கொண்டு போகும்போது தானும் கூடவே நடந்து பார்ப்பதாக அவர் சொல்லியிருந்தார். மகள் இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, "வாங்களன்," என்றாள். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொன்னாள். கடையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நிற்க நேரமிருக்காது. ஆனாலும் முதலாளியிடம் கேட்டு லீவு எடுத்தேன்; என் கணவரும் எடுத்தார்.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். நான் சேலைதான் கட்டினேன். பிள்ளைக்கு முக்கியமான நாள்; அந்த அம்மையாரின் முன்னால் ஏனோதானோ என்று போய் நிற்க மனம் வரவில்லை. பாரிஸில் சென் லசார் நிலையத்தில் ரயில் ஏறி, நோர்மண்டியில் இறங்கியபோது மகள் ஒரு வான் வண்டியோடு வந்து காத்திருந்தாள். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வரவேற்புக் கொட்டகைக்குப் போனதும் முழங்கால் வரை வருகிற பச்சை றப்பர் சப்பாத்து ஒரு சோடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நீலச் சேலைக்குக் கீழே பச்சைச் சப்பாத்து. என் கணவர் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார்.

கூட்டத்தில் எங்களைத் தவிர மற்ற எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். ஓய்வுபெற்ற சோடிகள் சிலர், கழுத்தில் பெரிய கமராவோடு நெட்டையான ஒருவர், இரண்டு மூன்று குடும்பங்கள். கடைசியில், கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டபடி, நரைத்த தலைமுடியோடு அந்த அம்மையார். மகள் எங்களை அவருக்கு அறிமுகப்படுத்தினாள். நல்ல மரியாதையாகக் கை கொடுத்தார், ஆனால் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

புல்வெளிக்குள்ளே ஒரு பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். இரண்டு பக்கமும் பச்சைப் பாசி, மெத்தை விரித்தது போல. இடையிடையே பஞ்சுபோல வெள்ளைப் பூ விட்ட புல். பாசி விலகிய இடங்களில் தண்ணீர் தெரிந்தது. பால் விடாத தேநீரின் நிறம். மகள் முன்னால் நடந்து பேசிக்கொண்டே போனாள். இந்த மண்ணில் சத்துக் கிடையாது, அதனால்தான் இங்குள்ள செடிகள் பூச்சியைப் பிடித்துச் சாப்பிடப் பழகின என்றாள். அவள் கேள்வி கேட்டால் எல்லோரும் யோசித்தார்கள். அவள் பகிடி விட்டால் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற பிள்ளைதானா இது என்று எனக்கு இருந்தது.

ஒரு வளைவில் நின்று, "இதோ," என்று காட்டினாள். நான் தொலைக்காட்சியில் பார்த்ததுபோல வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஏதோ ஒன்றைத் தேடினேன். எதுவும் இல்லை. பாசிக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் சிவப்பாகச் சில இலைகள்.

"இதுதானோ?" என்று என் கணவர் என் காதுக்குள் கேட்டார்.

மகள் பலகையில் முழங்காலிட்டு ஒவ்வொருவருக்கும் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். என் முறை வந்தது. குனிந்து பார்த்தேன். அந்தச் சின்ன இலை முழுக்கச் சிவப்பு மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி, கண்ணாடிபோல. ஒரு சிறு பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுற்றியிருந்த மயிர்கள் அதன் பக்கம் வளைந்திருந்தன. கண்ணை எடுக்கவே முடியவில்லை. இதற்காகவா என் பிள்ளை இத்தனை வருடம் படித்தாள் என்று நினைத்தேன். ஓம், இதற்காகத்தான் என்றும் நினைத்தேன்.

பிறகு மற்றவர்களுக்கு இடம் விட்டுப் பின்னால் வந்தேன். மகள் நடுவில் முழங்காலிட்டிருக்கிறாள், அத்தனை பேரும் குனிந்து அவள் சொல்வதைக் கேட்கிறார்கள். அந்தக் காட்சியைப் படம் எடுத்துக் கனடாவில் இருக்கிற என் தங்கைக்கு அனுப்ப வேண்டும்போல இருந்தது. கைத்தொலைபேசியை எடுத்தேன். எல்லோரும் படத்துக்குள் வரவில்லை. ஓரடி பின்னால் வைத்தேன். நெட்டை மனிதரின் தலை வெட்டுப்பட்டது. இன்னும் ஓரடி வைத்தேன்.

பின்னால் பலகை இல்லை.

ஒரு கால் மெத்தென்று எதற்குள்ளோ போனது. மற்றக் காலை ஊன்றி நிற்கப் பார்த்தேன், அதுவும் போனது. கத்தக்கூட நேரம் இருக்கவில்லை. பார்த்தால் இடுப்புவரை சேற்றுக்குள் நிற்கிறேன். குளிர்ந்த தண்ணீர் சேலைக்குள் ஏறியது. காலைத் தூக்கப் பார்த்தேன். கீழே யாரோ சப்பாத்தைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. எவ்வளவு உதறினேனோ அவ்வளவு இறங்கினேன்.

நெட்டை மனிதர்தான் முதலில் பார்த்தார். சத்தம் போட்டுக்கொண்டு என் பக்கம் ஓடி வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பியதில் பலகை ஆடியது. என் கணவர் சப்பாத்தோடு கீழே இறங்கக் காலை நீட்டிவிட்டார்.

அப்போது மகளின் குரல் கேட்டது. முதலில் பிரெஞ்சில், கூட்டத்துக்கு: எல்லோரும் இருந்த இடத்தில் உட்காருங்கள், யாரும் ஓரத்துக்கு வரவேண்டாம். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். அடுத்தது தமிழில்.

"அப்பா, நில்லுங்கோ. நீங்களும் விழுந்தா நான் ரெண்டு பேரை எடுக்கோணும்."

என் கணவர் நீட்டிய காலை இழுத்துக்கொண்டார்.

நான் பின்னால் நின்ற அந்த அம்மையாரைப் பார்த்தேன். அவரும் ஓரடி முன்னால் வந்து, பிறகு ஏனோ நின்றுவிட்டார். எனக்கு அந்த நேரம் உயிர்ப்பயத்தைவிட இதுதான் பெரிதாக இருந்தது. பிள்ளையின் வேலையை நானே கொண்டுவந்து சேற்றில் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மகள் பலகையில் குப்புறப் படுத்தாள். நெட்டை மனிதரைத் தன் கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தலையையும் தோளையும் எனக்கு நேரே நீட்டினாள். அவள் முகம் என் முகத்துக்குக் கிட்ட வந்தது.

"அம்மா, என்னைப் பாருங்கோ. அசையாதேங்கோ. இதுக்கு மேல இறங்காது, சரியோ?"

"ஓம்," என்றேன்.

"இப்ப பின்னுக்குச் சாயுங்கோ. கதிரையில சாயிற மாதிரி. படுங்கோ."

சேற்றில் போய்ப் படுப்பதா? தலைமுடி, சேலை, இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைவிட, என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சிவப்பு இலைகள் நிறைய இருந்தன. விழும்போதே பார்த்திருந்தேன்.

"பிள்ளை, உன்ரை செடியள் நசியப் போகுது."

"செடி திரும்ப முளைக்கும். நீங்கள் சாயுங்கோ."

சாய்ந்தேன். பாசி என்னைத் தாங்கியது. கால்களின் பாரம் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. ஒரு கையால் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்; நனைந்த சேலை மேலே ஏறிக்கொண்டு வந்தது.

"அம்மா, சேலையைப் பிடிக்காதேங்கோ. என்ரை கையைப் பிடியுங்கோ."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. இடுக்கண் நேரத்தில் பெரியவர்கள் பேசுகிற குரல் அது. சேலையை விட்டேன். இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்தேன்.

"இப்ப காலை இழுக்காதேங்கோ. சின்னனா சின்னனா ஆட்டுங்கோ. தண்ணி உள்ளுக்குப் போகோணும். சப்பாத்து கழண்டா கழலட்டும். அவசரமில்லை. மூச்சு விடுங்கோ. ஓம், அப்பிடித்தான். கெட்டிக்காரி."

கெட்டிக்காரி. சின்ன வயதில் டொக்டர் அவளுக்கு ஊசி போடும்போது நான் சொன்னது. அவள் எங்கே வைத்திருந்தாளோ தெரியாது. அவளுடைய தமிழ் பிரெஞ்சு ராகத்தில்தான் வந்தது. சொற்கள் சில இடறின. ஆனால் அந்தச் சேற்றில் கிடந்தபடி நான் கேட்ட தமிழைப்போல நல்ல தமிழை இந்த ஊரில் வேறெங்கும் கேட்டதில்லை.

வலது கால் முதலில் வந்தது, சப்பாத்தோடு. இடது கால் சப்பாத்து இல்லாமல் வந்தது. பிறகு மகளும் என் கணவரும் என்னைப் பலகைமேல் இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. ஒரு வயதான பெண்மணி தன் மழைக்கோட்டைக் கழற்றி என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். மகள் என் கால், முழங்கால், கணுக்கால் எல்லாம் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். என் இரண்டு கைகளுக்குள்ளும் அந்தக் கையைப் பொத்திக்கொண்டேன்.

அந்த அம்மையார் வந்து, சுற்றுலாவை இத்தோடு நிறுத்திவிடலாம் என்று சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள்.

"நீ போ பிள்ளை," என்றேன். "உன்ரை ஆக்கள் பார்த்துக்கொண்டு நிக்கினம்."

அவள் போனாள். சட்டை முழுக்கச் சேறு. நிமிர்ந்து நின்று, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

அம்மையார்தான் எங்களைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். ஊழியர்கள் போடுகிற காற்சட்டையும் பச்சை ஜாக்கெட்டும் எனக்குத் தந்தார். தேநீர் போட்டுத் தந்தார். நான் கடையில் பேசிப் பழகிய பிரெஞ்சில், குற்றம் என்னுடையது, மகளுடையது அல்ல, அவளைத் தயவுசெய்து அதற்காகக் குறைத்து நினைக்காதீர்கள் என்று சொல்லி முடித்தேன். பேச்சு இரண்டு மூன்று தரம் உடைந்தது.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இங்கே விழுந்தவர் நான் முதல் ஆள் இல்லையாம். விழுந்தது யார் என்று பார்க்காமல், முதலில் மற்றவர்களைப் பத்திரமாக உட்காரவைத்த வழிகாட்டிகள் அதிகம் இல்லையாம். "அதுவும் விழுந்தது தன் தாய்," என்றார். "இன்று மாலை யோசித்து முடிவு செய்வோம் என்றிருந்தேன். இனி யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் இதை நானே அவளுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்."

என் கணவர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றார். தோள் குலுங்கியது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

யன்னலுக்கு வெளியே அந்தப் புல்வெளி நீளத்துக்குக் கிடந்தது. தூரத்தில் பலகைப் பாதையில் சின்னதாக மகள் வந்துகொண்டிருந்தாள், பின்னால் வரிசையாக அத்தனை பேரும். அவள் கையை உயர்த்தினால் எல்லோரும் நின்றார்கள். அவள் நடந்தால் நடந்தார்கள். நான் இரவல் காற்சட்டையில், ஒரு காலுக்கு மட்டும் சப்பாத்தோடு நின்று அதைப் பார்த்தேன். கோயில் தேர் வருவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

போகிறபோது நெட்டை மனிதர் வந்து கை கொடுத்தார். "உங்கள் மகளா?" என்று கேட்டார். "ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

எல்லோரும் போனபின் அம்மையார் மகளை அழைத்துக்கொண்டு வெளியே சற்றுத் தூரம் நடந்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் தெரியாதவர்கள்போல இருந்தோம். மகள் திரும்பி வந்து என் தோளில் முகத்தை வைத்தாள். அந்த நிரந்தர இடம் அவளுக்குத்தான்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். மகள் கூட்டிப்போனாள். என் உருவத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. பாசி அமுங்கி, சில சிவப்பு இலைகள் சேற்றில் புதைந்து கிடந்தன. அவள் ஒரு கம்பியால் என் இடது சப்பாத்தைத் தேடி எடுத்தாள். பிறகு குப்புறப் படுத்து, ஒவ்வொரு இலையாக விரல் நுனியால் சேற்றிலிருந்து விடுவித்தாள். பெரும்பாலானவை தப்பும் என்றாள்.

"இதுக்குத் தமிழில ஒரு பேர் இருக்கம்மா," என்றாள் திடீரென்று. "அழுகண்ணி. சித்த வைத்தியத்தில சொல்லுறவை. சிலோனிலயும் இந்த இனம் இருக்கு."

நான் இலங்கையில் பிறந்து வளர்ந்தவள். இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அழுகண்ணி," என்று சொல்லிப் பார்த்தேன். இலை நுனியில் இருந்த துளிகளைப் பார்த்தேன். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"தேடிப் பிடிச்சனான். நீங்கள் வருவியள் எண்டு. எல்லாருக்கும் முன்னால தமிழில ஒருக்காச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். பிறகு வெக்கமாப் போச்சு. பிழையாச் சொல்லிப்போடுவனோ எண்டு."

"நீ இண்டைக்கு ஒரு சொல்லும் பிழையாச் சொல்லேல்லை," என்றேன். அது முழு உண்மை இல்லை. ஆனால் எனக்கு உண்மைதான்.

அடுத்த கோடையில், லா சப்பலில் எங்களுக்குத் தெரிந்த சில குடும்பங்களைச் சேர்த்து ஒரு பஸ் பிடித்துப் போனோம். மகள் முழுவதும் தமிழில் சொன்னாள். சொல் வராத இடங்களில் வந்திருந்தவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்; ஓர் இடத்தில் இரண்டு மாமிமார் எது சரியான சொல் என்று பிடிவாதமாக வாதாடியதில் எல்லோரும் கொஞ்சநேரம் செடியை மறந்தே போனோம். நான் பலகையின் நடுவில் நின்றேன். படம் எடுக்கிற வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு வழி காட்டுவதுதான் பெற்றவர்களின் வேலை என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அவர்களுக்கு வழி தெரிந்த ஓர் இடத்துக்கு ஒருநாள் போய், அவர்கள் சொல்கிறபடி காலெடுத்து வைப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான் என்பதை இடுப்பளவு சேற்றில் நின்று கற்றேன். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் தலை தானாக நிமிர்கிறது.